கடைசிக் காலத்து விருப்பங்களை வீட்டில் பேச ஒரு படக்கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோடு, கோபி, தாராபுரம், திருப்பூர் பக்கத்து வீடுகளுக்காக நான் சின்னப் படக்கதைகள் வரைகிறேன். இரண்டு பக்கம், அதிகம் போனால் நாலு பக்கம். ஜெராக்ஸ் எடுத்து மடித்தால் சட்டைப் பையில் அடங்கிவிடும். எல்லாக் கதையும் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வரும்: உடம்பு இனித் தேறாது என்கிற கட்டம் வந்தால் எனக்கு என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, என் சார்பில் யார் பேச வேண்டும். கதைகளை வாங்கிப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சாவைப் பற்றிப் பேச காமிக்ஸா? அது குழந்தைகள் சமாச்சாரம் இல்லையா?

நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் படக்கதை ஒன்றும் புதிது இல்லை. டீக்கடையில் தினத்தந்தியைப் பிரித்ததும் முதலில் படக்கதையைத் தேடுகிறவர்கள் எத்தனையோ பேர். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது 1972-இல். அதை அன்றைக்குக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்த பையன்களுக்கு இன்று அறுபது வயதுக்கு மேல். அப்பாவை எந்த ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, எதுவரைக்கும் வைத்தியம் பார்ப்பது என்று இப்போது முடிவெடுக்கிற இடத்தில் இருப்பதே அவர்கள்தான். படக்கதையின் மொழி அவர்களுக்குக் கைவந்த மொழி.

நோயையும் வைத்தியத்தையும் படக்கதையில் சொல்லும் முயற்சி பல நாடுகளில் நடக்கிறது. பிரிட்டனில் டாக்டரும் ஓவியருமான இயன் வில்லியம்ஸ் 2007-இல் இதற்கு 'கிராஃபிக் மெடிசின்' என்று பெயர் வைத்தார். டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள், நோயாளியைக் கவனிக்கிறவர்கள் எல்லோருமே அந்த வகையில் வரைகிறார்கள்.

பெரியவர்களிடம் போய் இதைப் பேசினால் மனசு ஒடிந்துபோய்விட மாட்டார்களா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மகன்களும் மகள்களும். எழுபது எண்பது வயதுக்காரர் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதாக நினைவில்லை.

நம் வீடுகளில் பெரியவர்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். "கிடையில விழாமப் போயிரோணும் சாமி." "எனக்கு ஒன்னுன்னா கோயமுத்தூருக்கெல்லாம் தூக்கிட்டு ஓடாதீங்க." "உசுரு இந்தச் சாளையிலதான் போகோணும்." எருமைக்குத் தண்ணி காட்டும்போதும் சொல்வார்கள், கேத வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, போய்விட்டு வந்து குளித்து முடித்ததும் சொல்வார்கள். நாம்தான் வாயை அடைத்துவிடுகிறோம். "ஏனுங்கப்பா இப்படி அபசகுனமாப் பேசறீங்க", "நீங்க நூறு வயசு இருப்பீங்க", "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், சாப்பிட வாங்க." பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அவர் சொல்ல வந்தது அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அடுத்த முறை அவர் தொடங்குவதே இல்லை.

ஆகவே என் கதைகள் பெரியவர்களுக்குச் சாவைப் பற்றிப் பாடம் எடுக்க வரவில்லை. பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் குறுக்கே பேசாமல் உட்கார வைக்கத்தான் வரைகிறேன். கட்டங்களில் நான் மெனக்கெடுவதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

வீடியோ எடுக்கலாம், நோட்டீஸ் அடிக்கலாம். ஏன் படக்கதை?

வீடியோ அதன் வேகத்தில் ஓடிவிடும். பெரியவர் ஒரு இடத்தில் நின்று யோசிக்க நினைத்தால் யாராவது போனை வாங்கி நிறுத்த வேண்டும். காகிதம் அவர் கையில் இருக்கும். ஒரே கட்டத்தைப் பத்து நிமிஷம் பார்க்கலாம், திருப்பி முதல் பக்கத்துக்கும் போகலாம். நோட்டீஸோ அரசாங்கக் குரலில் பேசும். படித்தவர் அதை வாங்கிப் படிக்கும்போதே வீடு பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று, கண்ணோடு கண் பார்த்துக்கொண்டு இந்தப் பேச்சைப் பேசுவது கஷ்டம். அப்பாவும் மகனும் நேருக்கு நேர் உட்கார்ந்து மனசு விட்டுப் பேசும் பழக்கம் நம்மிடம் குறைவு. இரண்டு பேரும் ஒரே காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு சுலபமாக வருகிறது. "இந்தக் கெழவன் சொல்றது சரிதான்" என்று படத்தில் இருப்பவரைக் காட்டிச் சொல்லலாம். தன்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் 'நான் சாகும்போது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

படக்கதையில் பேச்சே இல்லாத கட்டம் ஒன்று வைக்க முடியும் என்பதும் எனக்குப் பெரிய காரணம். ஒரு மகன் பேச்சை வெட்டிவிட்டு எழுந்து போன பிறகு அப்பன் தனியாக உட்கார்ந்திருப்பதை நோட்டீஸில் எப்படிச் சொல்வீர்கள்? படத்தில் அதற்கு ஒரு கட்டம் போதும். படிக்கும் மகன் அதில் தன்னைப் பார்த்துக்கொள்வார். நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கதையைச் சொல்லுங்களேன்.

அதிகம் பேர் வாங்கிப் போகும் ஆறு கட்டக் கதை இது. பெயர்கள் கிடையாது, எந்த வீட்டுக்கும் பொருந்தும்படி வைத்திருக்கிறேன்.

முதல் கட்டம்: தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு) வாசல். பக்கத்துத் தோட்டத்தில் கேதம் விசாரித்துவிட்டு அப்பாரு (தாத்தா) திரும்பி வருகிறார். தலையில் ஈரத் துண்டு.

இரண்டாம் கட்டம்: கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொல்கிறார். "மூக்குல ஒரு கொழா, வாயில ஒரு கொழா. புடுங்கிப் போடறாருன்னு கையக் கட்டி வெச்சிருந்தாங்களாம்."

மூன்றாம் கட்டம்: மகன் வாசற்படியில். "அதையெல்லாம் எதுக்குங்கப்பா இப்பப் பேசிக்கிட்டு. சாப்பிட வாங்க."

நான்காம் கட்டம்: பேச்சு இல்லை. தொட்டித் தண்ணியில் கை கழுவும் மகனின் முதுகு. தூரத்தில் அப்பாரு.

ஐந்தாம் கட்டம்: பேத்தி கட்டில் ஓரத்தில் வந்து உட்காருகிறாள். "அப்பாரே, உங்களுக்கு அப்படி ஒன்னு வந்தா நாங்க என்ன பண்ணோணும்?"

ஆறாம் கட்டம்: அப்பாருவின் முகம் மட்டும், கட்டம் நிறைய. தலைக்கு மேல் ஒரு பெரிய பேச்சுக் குமிழி. உள்ளே ஒன்றுமே எழுதியிருக்காது.

அந்தக் காலிக் குமிழியை உங்கள் வீட்டு அப்பாரு நிரப்ப வேண்டும். அவருக்கு எழுத வராது என்றால் அவர் சொல்லச் சொல்ல பேத்தி எழுதலாம். திருத்தாமல் எழுத வேண்டும், அவர் வார்த்தையிலேயே. இதில் நான் ரொம்பக் கறார்.

இதே கதையில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வருகிற ஒன்றும், அப்புச்சி (அம்மாவின் அப்பா) வருகிற ஒன்றும் உண்டு. தறிக்குடோன் வாசலில் நடப்பது மாதிரி சோமனூர் பக்கத்துக்காக வரைந்ததும் இருக்கிறது.

குமிழியில் மக்கள் என்னதான் எழுதுகிறார்கள்?

வைத்தியம் பற்றிய பேச்சு முதலில் வருவது அபூர்வம். "சின்னவனும் பெரியவனும் பேசிக்கோணும்" என்று ஆரம்பிப்பார்கள். கறவை மாட்டை இன்னாருக்குத்தான் விற்க வேண்டும், நகையில் அந்தக் காசுமாலை மகளுக்கு, கருமாதிக்குக் கடன் வாங்கக் கூடாது, இன்ன பங்காளிக்குச் சொல்லி அனுப்பியே தீர வேண்டும். இதையெல்லாம் கேட்டதும் 'நாம் கேட்டது வேறு' என்று அவசரப்படாதீர்கள். இதையும் எழுதுங்கள். இவற்றைச் சொல்லி முடித்த பிறகுதான் 'ஆஸ்பத்திரி' என்ற சொல் வரும். அது வரும்போது குரலும் தணிந்துவிடும்.

வைத்தியத்தில் எதையெல்லாம் கதையில் கொண்டுவர வேண்டும்?

ஐசியூ கதவுக்கு வெளியே நிற்கும்போது டாக்டர் கேட்கும் கேள்விகளையே வீட்டில் முன்கூட்டிக் கேட்டுவிடலாம். நாலு விஷயம் முக்கியம், அதில் மூன்றைப் படமாக்கியிருக்கிறேன்.

ஒன்று, இதயம் நின்றால் நெஞ்சை அமுக்குவது. பெரியவர்களுக்கு நெஞ்சை ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்று இருபது தடவை அமுக்க வேண்டும். திடீரென்று மாரடைப்பு வந்த ஐம்பது வயதுக்காரருக்கு அது உயிரைத் திருப்பித் தரலாம். புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிக் கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு அதனால் பலன் கிடைப்பது மிக மிக அரிது; வயதான எலும்பு என்றால் விலா உடைவதும் சாதாரணம். இன்னாருக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று டாக்டரும் குடும்பமும் பேசி முன்பே முடிவெடுப்பது எப்படி என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

இரண்டு, வென்டிலேட்டர். இதைப் பூச்சாண்டியாகக் காட்ட எனக்கு இஷ்டமில்லை. கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றுபோன ஆளை வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அவர் நடந்து வீட்டுக்குப் போகிறார். கடுமையான நிமோனியாவிலும் அப்படித்தான். கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது கொஞ்ச நாள் தாண்டுவதற்கான துணையா, இல்லை திரும்பி வரும் வழி இல்லாமல் நாளைக் கூட்டுவதா? ஓரிரு வாரத்துக்கு மேல் நீண்டால் பெரும்பாலும் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைப்பதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். அந்தக் கட்டம் வரை போகலாமா என்பதைத்தான் பெரியவரிடம் கேட்டு வைக்க வேண்டும்.

மூன்று, மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டு ஆகாரம் தருவது. இங்கேதான் நம் வீடுகள் அதிகமாகத் தவிக்கின்றன. பசியோடு அனுப்பிவிட்டோம் என்கிற வெசனம் வருஷக்கணக்கில் போகாது. ஆனால் உடம்பு மூடும் நேரத்தில் பசி அடங்குவது இயல்பு. சாப்பிடாததால் அவர் சாவதில்லை, சாவு நெருங்குவதால் சாப்பாடு நின்றுபோகிறது. மறதி நோய் முற்றியவர்களுக்குக் குழாய் வைப்பதால் ஆயுசு கூடுவதாகவோ, சாப்பாடு நுரையீரலுக்குள் போவது நிற்பதாகவோ ஆதாரம் இல்லை. கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதையே முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு கதையில் அப்பத்தாவுக்கு மருமகள் அரை ஸ்பூன் ராகிக் கூழ் ஊட்டுவாள். அப்பத்தா தலையைத் திருப்பிக்கொள்வாள். மருமகள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உதட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். அவ்வளவுதான் கதை. கவனித்துக்கொண்ட பெண்கள் அதைப் படித்துவிட்டு அழுகிறார்கள்.

நான்காவது டயாலிசிஸ். அதை இன்னும் நான் சரியாக வரையவில்லை.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. தேறாத நிலையில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு வைத்த நடைமுறை கடினமாக இருந்தது, மாஜிஸ்திரேட் கையெழுத்து வரைக்கும் போக வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதை எளிதாக்கினார்கள்.

இப்போது பதினெட்டு வயது நிரம்பி, புத்தி தெளிவாக இருக்கிற யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்; சாட்சிகள் சொந்தக்காரர்களாக இல்லாமல் இருப்பது நல்லது. நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவர் சான்று தர வேண்டும். தன்னால் பேச முடியாமல் போனால் தன் சார்பில் முடிவு சொல்ல நம்பிக்கையானவர்களைப் பெயர் போட்டுக் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேல் குறிப்பிடலாம். ஒரு நகலை அவர்களிடமும், குடும்ப டாக்டர் இருந்தால் அவரிடமும், ஊராட்சி அல்லது நகராட்சியில் இதற்கென்று குறிக்கப்பட்ட அதிகாரியிடமும் கொடுத்து வைக்கலாம்.

எழுதிவைத்ததுமே ஆஸ்பத்திரியில் எல்லாம் நின்றுவிடாது. வைத்தியம் பார்க்கும் டாக்டரும், ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த குழு முதலில் பார்க்க வேண்டும். அப்புறம் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு டாக்டரோடு வேறு இரண்டு நிபுணர்கள் சேர்ந்த இரண்டாவது குழு. ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரி மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். எழுதி வைக்காதவருக்கும் வழி அடைபட்டுப் போகவில்லை, குடும்பத்தின் சம்மதத்தோடு இதே குழுக்கள் முடிவெடுக்கலாம். ஆனால் அப்பாரு என்ன நினைத்தார் என்று அங்கே நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள்.

கர்நாடக அரசு இந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த 2025 ஜனவரியில் தனி உத்தரவே போட்டது.

காகிதம் எழுதுவதை அவசரப்படுத்தாதீர்கள் என்பது என் கருத்து. முதலில் பேச்சு, பிறகு நோட்டரி. பேசாமல் எழுதிய காகிதத்தை ஆபத்து நேரத்தில் பிள்ளைகள் யாரும் வெளியே எடுப்பதில்லை.

இது கருணைக்கொலை இல்லையா? தலைக்கூத்தல் மாதிரி ஆகிவிடாதா?

இல்லை. தெற்கத்தி மாவட்டங்கள் சிலவற்றில் முதியவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, குளிர்ந்ததைக் கொடுத்துச் சாகவிடுவதைத் தலைக்கூத்தல் என்றார்கள். அது கொலை. அங்கே முடிவெடுத்தது பக்கத்தில் இருந்தவர்கள். கிடையில் கிடந்தவரை யாரும் கேட்கவில்லை.

இங்கே நோயாளியின் வாயிலிருந்து வருவது மட்டும்தான் கணக்கு. ஊசி போட்டு உயிரை எடுக்க இந்தியச் சட்டம் யாரையும் அனுமதிக்கவில்லை. பலன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பதும், நிறுத்துவதும்தான் பேச்சு. அதிலும் வலிக்கு மருந்து, மூச்சுத் திணறலுக்கு மருந்து, புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது எதுவும் நிற்காது. குமிழியில் "எல்லா வைத்தியமும் பாருங்க, கடைசி வரைக்கும் முயற்சி பண்ணுங்க" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அதுவும் விருப்பம்தான். அதை மாற்ற யாரும் முயலக் கூடாது.

செலவை மனசில் வைத்துப் பெரியவரை 'வேண்டாம்' என்று சொல்ல வைக்கும் ஆபத்து இருக்கிறதே என்று ஒரு நர்ஸ் கேட்டார். நியாயமான பயம். அதனால்தான் கதையில் கேள்வி கேட்பவராகப் பேத்தியை வைத்தேன். சொத்துக் கணக்கில் இல்லாத ஆள் கேட்கும்போது பதில் சுத்தமாக வருகிறது.

ஏற்கெனவே உயில் எழுதி ரிஜிஸ்தர் பண்ணியிருக்கிறோம். அது போதாதா?

போதாது. உயில் அவர் போன பிறகு நிலத்தைப் பற்றிப் பேசும். இது அவர் உயிரோடு இருந்து, வாய் பேச முடியாத நாட்களில் அவர் உடம்பைப் பற்றிப் பேசும். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதாதீர்கள். உயில் பீரோவில் பூட்டி இருக்கும். இது ஆஸ்பத்திரிப் பையில் இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அம்மிச்சியைக் கேட்டால் "அவிங்க சொல்றதுதான்" என்கிறார்.

நம் பக்கத்துப் பெண்கள் பலர் இப்படித்தான் தொடங்குவார்கள். ஆயுசு முழுக்க அவர்களிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், சமையல்கட்டில், மகளோ பேத்தியோ மட்டும் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பெண்களுக்கான கதைகளை அடுப்பங்கரையில் நடப்பதாகவே வரைந்திருக்கிறேன்.

கிடையில் கிடப்பவரைக் கழுவித் துடைப்பது மருமகளும் மகளும். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவது மகன். இந்தப் பழக்கம் எனக்குச் சம்மதம் இல்லை. தன் சார்பில் பேச ஆளைக் குறிப்பிடும்போது, கூட இருந்து பார்க்கிற பெண்ணின் பெயரையும் எழுதச் சொல்லி நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

எப்போது பேசுவது? நல்ல நாளில் பேசலாமா?

பொங்கல் நோம்பிக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிற பிள்ளைகள் ஒன்றாகக் கிடைப்பது அந்த நாலு நாள்தான். தைப்பொங்கல் அன்றைக்கும் பட்டிப்பொங்கல் அன்றைக்கும் வேண்டாம், மனசு ஒப்பாது. பூப்பறிக்கும் நோம்பி முடிந்து, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் சரியாக இருக்கும். கேத வீட்டுக்குப் போய் வந்த அன்றைக்குப் பேச்சு தானாகவே வரும்.

கூடாத இடம் ஆஸ்பத்திரி வராண்டா. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி இந்தக் கதையை எடுத்து நீட்டாதீர்கள்.

அவருக்கு மறதி தொடங்கிவிட்டது. இனிப் பிரயோஜனம் உண்டா?

சீக்கிரம் பேசுங்கள். ஆரம்பக் கட்டத்தில் தெளிவான நேரங்கள் இருக்கும், பெரும்பாலும் காலை வேளை. நீண்ட கேள்வி வேண்டாம். இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இதுவா, இதுவா" என்று கேட்கலாம். ஒரு படத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில், இன்னொன்றில் வீட்டு ஆசாரத்தில் (கூடத்தில்) போட்ட கட்டில். வேறொரு நாளிலும் அதையே கேட்டு, ஒரே பதில் வருகிறதா என்று பாருங்கள். சட்டப்படி எழுதுவதற்குப் புத்தித் தெளிவு வேண்டும் என்பதால் டாக்டரை வைத்துச் செய்வது நல்லது.

வீட்டிலேயே போகணும் என்கிறார். எங்களால் முடியுமா?

பல வீடுகளில் முடிகிறது. துணை வேண்டும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், கிடையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து செய்யும் நோய் ஆதரவுச் சேவையும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். புற்றுநோய் வலிக்கு மார்பின் மாத்திரை இருக்கிறது. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, அதை ஆஸ்பத்திரிகள் வாங்கி வைப்பதைச் சுலபமாக்கினார்கள். டாக்டர் சொன்ன அளவில் சாப்பிட்டால் வலி கட்டுப்படும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

வீட்டில் உயிர் போனால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் சான்று வாங்கி, 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். ராத்திரி மூச்சு வாங்கினால் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முன்பே முடிவு செய்து சுவரில் எழுதி ஒட்டுங்கள். இதை முடிவு செய்யாத வீட்டில் பதற்றத்தில் 108-க்குப் போன் போய்விடும், அவர் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்கே கொண்டுபோய்விடுவார்கள்.

கண் தானம், உடல் தானம் பற்றியும் கதை உண்டா?

கண் தானத்துக்கு உண்டு. உயிர் போய் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்புரை ஆபரேஷன் செய்தவரும் கண்ணாடி போட்டவரும் தரலாம். ஆள் வரும்வரை இமையை மூடி, ஃபேனை நிறுத்தி, ஈரப் பஞ்சு வைத்திருக்க வேண்டும். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர நினைப்பவர்கள் கோயம்புத்தூரிலோ பெருந்துறையிலோ உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் விசாரிக்கலாம். எதுவானாலும் கடைசியில் குடும்பம் சம்மதிக்க வேண்டும். பர்ஸில் அட்டை இருந்து, வீட்டில் யாருக்கும் தெரியாமல் போய் நடக்காமல் போவதுதான் அதிகம்.

சின்னப் பிள்ளைகள் கூட இருக்கலாமா?

இருக்கலாம். காகிதத்தைப் பிள்ளைகள்தான் முதலில் எடுத்துப் படிக்கிறார்கள். ரொம்பச் சின்னது என்றால் குழாய்ப் படங்கள் இருக்கும் கதையைத் தராதீர்கள்.

எனக்குப் படம் போட வராது. நானே ஒன்று செய்ய முடியுமா?

தாராளமாக. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு போதும். அப்பாருவை அடையாளம் காட்ட அவர் தலைத்துண்டோ ஊன்றுகோலோ ஒன்று இருந்தால் போதும். பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் நன்றாக இருக்கும், அட்டை கெட்டி. ஆறு கட்டத்துக்கு மேல் போகாதீர்கள். பேச்சை உங்கள் வீட்டுப் பேச்சாகவே எழுதுங்கள், புத்தகத் தமிழ் வேண்டாம். ஒரு கட்டமாவது பேச்சில்லாமல் இருக்கட்டும். கடைசிக் குமிழியைக் காலியாக விடுங்கள், உங்களுக்குத் தெரிந்த பதிலை நீங்களே எழுதிவிடாதீர்கள்.

குடும்பத்தில் ஒருத்தர் சுத்தமாக ஒத்துவரவில்லை என்றால்?

பெரும்பாலும் தூரத்தில் இருக்கும் பிள்ளைதான். கூட இருந்து பார்க்க முடியாத குறையை 'எவ்வளவு செலவானாலும் பாருங்க' என்று சொல்லித் தீர்த்துக்கொள்வார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நிரப்பிய குமிழியைப் போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முடிந்தால் பெரியவர் குரலையும் பதிவு செய்து கூடவே அனுப்புங்கள். அண்ணன் சொன்னால் கேட்காதவரும் அப்பன் குரலைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

சொன்னதை அப்புறம் மாற்றிக்கொண்டால்?

மாற்றலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். சட்டப்படி எழுதியதையும் எழுத்து மூலம் மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். வருஷம் ஒரு தடவை புதுக் காகிதத்தில் மறுபடி கேளுங்கள். தேதி போட்டு வையுங்கள். பழையதைக் கிழித்துப் போட வேண்டாம்.

பெரியவர் பேசவே மறுத்துவிட்டால்?

விட்டுவிடுங்கள். காகிதத்தை மட்டும் அவர் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். பேசாமல் இருப்பதும் அவர் உரிமை. "எனக்குத் தெரிய வேண்டாம், நீங்களே பாத்துக்குங்க" என்று சொன்னால், அதையே அவர் விருப்பமாக எழுதி, யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் கேட்டு வையுங்கள்.

கதைகளை நாங்கள் நகலெடுத்துக் கொடுக்கலாமா?

கொடுங்கள். அனுமதி கேட்க வேண்டாம், காசும் வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளலாம். கரூரில் ஒரு மாதிரி, பொள்ளாச்சியில் ஒரு மாதிரி பேசுகிறார்கள். ஆஸ்பத்திரி விளம்பரமோ கட்சிச் சின்னமோ மட்டும் சேர்க்காதீர்கள். படங்களைக் கலரில் அச்சடிக்க வேண்டியதில்லை, ஆனால் பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் பார்க்கும் அளவுக்கு எழுத்துப் பெரியதாக இருக்கட்டும்.